பேரூராட்சி கவுன்சிலர் தேர்தலில் முதல்முறை நிற்கிறீர்களா? வாக்காளர் பட்டியல் முதல் செலவுக் கணக்கு வரை

பேரூராட்சியில் கவுன்சிலராக நிற்கலாம் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது "எவ்வளவு செலவாகும்?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு இருக்கின்றன. என் பெயர் பட்டியலில் சரியாக இருக்கிறதா? என் மனு பரிசீலனையைத் தாண்டுமா? இந்த இரண்டுக்கும் தேர்தல் அறிவிப்பு வருவதற்கு முன்பே பதில் தேடி வைக்க வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு நாட்கள் மிகக் குறைவு.

தமிழ்நாட்டில் பேரூராட்சி வார்டு உறுப்பினர் தேர்தலில் முதல்முறையாக, குறிப்பாகக் கட்சிப் பின்னணி இல்லாமல் நிற்க நினைப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஓட்டுப் போட மட்டும் போகிறவர்களுக்கும் இதில் விஷயம் உண்டு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஊராட்சி வேறு, பேரூராட்சி வேறு. கிராம ஊராட்சியில் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவர் பதவிக்கும் வார்டு உறுப்பினர் பதவிக்கும் கட்சிச் சின்னம் கிடையாது, ஓட்டுச் சீட்டில் முத்திரை குத்தி வாக்களிக்கிறார்கள். பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி மூன்றும் நகர்ப்புற உள்ளாட்சிகள். இங்கே வார்டுக்கே கட்சிச் சின்னத்தில் நிற்கலாம், வாக்குப்பதிவு இயந்திரத்தில் நடக்கும், தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. சொந்தக்காரர் பக்கத்து ஊராட்சியில் நின்ற அனுபவத்தை வைத்துச் சொல்லும் யோசனைகள் உங்கள் பேரூராட்சிக்குப் பல இடங்களில் பொருந்தாது.

எந்தச் சட்டம், எந்த ஆணையம்

நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களை நடத்துவது இந்தியத் தேர்தல் ஆணையம். உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம். இரண்டும் தனித்தனி அமைப்புகள். அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தபோதுதான் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு ஐந்தாண்டுப் பதவிக்காலம், இடஒதுக்கீடு, தேர்தல் நடத்த மாநில அளவில் தனி ஆணையம் எல்லாம் உறுதியாயின. மாவட்டத்தில் ஆட்சியர்தான் மாவட்டத் தேர்தல் அலுவலர். உங்கள் பேரூராட்சி அளவில் தேர்தல் நடத்தும் அலுவலராக வழக்கமாக இருப்பவர் செயல் அலுவலர், ஊரில் எல்லோரும் ஈ.ஓ. என்று சொல்பவர்.

2022 தேர்தல் பழைய மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் கீழ் நடந்தது. 2023 ஏப்ரல் முதல் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம், 1998 நடைமுறைக்கு வந்துவிட்டது, அதற்கான விதிகளும் புதியவை. அதனால் 2022இல் நின்றவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஆனால் படிவம், தொகை, கெடு ஆகியவற்றை வரப்போகும் அறிவிப்பில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். கீழே நான் தரும் தொகைகள் 2022 தேர்தலுக்குரியவை.

காலம் பற்றி ஒன்று. 2011இல் தேர்வான மன்றங்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதம் நடக்க வேண்டிய தேர்தல் அறிவிப்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அப்புறம் வார்டு மறுவரையறை, வழக்குகள் என்று இழுத்து, 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நகர்ப்புறங்களில் அடுத்த ஓட்டுப்பதிவு நடந்தது. ஐந்து வருடத்துக்கும் மேல் நம் ஊர்களை, தேர்வான உறுப்பினர்களுக்குப் பதிலாக, அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான் பார்த்துக்கொண்டார்கள். தெருவிளக்கு எரியவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் யாரிடம் போய் நிற்பது என்று தெரியாமல் மக்கள் தவித்த காலம் அது. ஒரு ஊரின் ஐந்து வருடம் அப்படிப் போனது சாதாரண விஷயமில்லை. 2022இல் தேர்வானவர்கள் மார்ச் 2 அன்று பதவியேற்றார்கள். அந்தக் கணக்கில் இந்த மன்றங்களின் ஐந்தாண்டு 2027 மார்ச் தொடக்கத்தில் முடிகிறது. காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்பது அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது.

பட்டியல்: முதல் வேலையும் பெரிய வேலையும்

உள்ளாட்சித் தேர்தலுக்கென்று தனியாக வீடு வீடாகப் போய்ப் பட்டியல் எடுப்பதில்லை. சட்டமன்றத் தொகுதியின் வாக்காளர் பட்டியலை எடுத்து, வார்டு வாரியாகப் பிரித்து வெளியிடுகிறார்கள். ஆகவே சட்டமன்றப் பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு உள்ளாட்சியிலும் ஓட்டு இல்லை. 2025 இறுதியில் தமிழ்நாட்டில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் ஏராளமான பெயர்கள் நீக்கப்பட்டன. போன தேர்தலில் ஓட்டுப் போட்டேன், இப்போதும் இருக்கும் என்று எண்ணி விட்டுவிட வேண்டாம். பெயர் விடுபட்டிருந்தால் படிவம் 6 கொடுத்து இப்போதே சேர்த்துவிடுங்கள்.

வார்டு பட்டியல் வெளிவந்ததும் பேரூராட்சி அலுவலகத்தில் பார்க்கலாம். அதில் உங்கள் பெயரை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். நிற்க நினைக்கும் வார்டின் பட்டியலை முழுதாக வாங்கி, தெருத் தெருவாக எடுத்துக்கொண்டு நடந்து பாருங்கள். ஒரே தெருவின் ஒரு பக்கம் ஐந்தாம் வார்டிலும் எதிர்ப்பக்கம் ஆறாம் வார்டிலும் இருக்கும். ஒரே வீட்டில் மாமியார் ஒரு வார்டிலும் மருமகள் இன்னொரு வார்டிலும் இருப்பார்கள். வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்ணின் பெயர் இன்னும் இங்கே இருக்கும், குடிவந்து மூன்று வருடமான குடும்பத்தின் பெயர் இருக்காது. பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள். இறந்தவர், ஊரில் இல்லாதவர், இருந்தும் பெயர் இல்லாதவர் என்று மூன்று குறி போதும். தவறாகப் பக்கத்து வார்டுக்குப் போன பெயர்களை அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்துத் திருத்தச் சொல்லலாம். வேட்புமனு நாட்கள் வந்துவிட்டால் எல்லோருடைய கவனமும் மனுப் பக்கம் போய்விடும், இதைக் கேட்க ஆள் இருக்காது.

இதற்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், பேரூராட்சி வார்டு மிகச் சிறியது. 2022இல் 490 பேரூராட்சிகளில் மொத்தம் 7,621 வார்டுகள். பல பேரூராட்சிகளில் 15 வார்டுகள்தான். ஆயிரம் வாக்காளர்கூட இல்லாத வார்டுகள் நிறைய உண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வார்டில் 800 ஓட்டு என்று வைத்துக்கொள்வோம். 2022இல் பேரூராட்சிகளில் சராசரியாக நூற்றுக்கு 74 பேருக்கு மேல் வாக்களித்தார்கள். அப்படியானால் விழுவது சுமார் 600. நான்கு பேர் போட்டியிட்டால் 200 ஓட்டுக்குக் கொஞ்சம் மேலே வாங்கியவர்கூட ஜெயிக்கலாம். அந்த அளவில் பட்டியலில் விடுபட்ட பத்துப் பதினைந்து பெயர்கள் முடிவையே மாற்றும். சம ஓட்டு வந்து குலுக்கலில் முடிவான வார்டுகளும் 2022இல் இருந்தன.

யார் நிற்கலாம்

வயது 21 நிரம்பியிருக்க வேண்டும். படிப்புத் தகுதி எதுவும் கிடையாது. உங்கள் பெயர் அந்தப் பேரூராட்சியின் ஏதாவது ஒரு வார்டுப் பட்டியலில் இருந்தால் போதும், போட்டியிடும் வார்டிலேயே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் உங்களை முன்மொழிபவர் நீங்கள் போட்டியிடும் வார்டின் வாக்காளராக இருந்தே ஆக வேண்டும். முதல்முறை நிற்பவர்கள் இந்த இடத்தில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். பக்கத்து வீட்டு நண்பர்தானே என்று கையெழுத்து வாங்குவார்கள். அவர் ஓட்டு எதிர் வார்டில் இருக்கும்.

வார்டு ஒதுக்கீட்டையும் பாருங்கள். தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. 2016இல் செய்த சட்டத் திருத்தத்தால் வந்தது இது. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு மக்கள்தொகை விகிதத்தில் வார்டுகள் ஒதுக்கப்படும், அவற்றுக்குள்ளும் பெண்களுக்கு இடம் உண்டு. ஒதுக்கீடு சுழற்சி முறையில் மாறும். போனமுறை பொது வார்டாக இருந்தது இந்தமுறை பெண்கள் வார்டாக வரலாம், அரசிதழில் வந்த பிறகுதான் உறுதி. பொது வார்டு என்றால் ஆண்கள் வார்டு என்று ஊரில் ஒரு எண்ணம் இருக்கிறது. அது தவறு. பொது வார்டில் பெண்களும் ஆதிதிராவிடர்களும் தாராளமாக நிற்கலாம், ஜெயித்தும் இருக்கிறார்கள். பெண்கள் வார்டு என்று அறிவித்ததும் வீட்டு அம்மா பெயரில் மனுப் போட்டுவிட்டு, பிரச்சாரத்திலும் அப்புறம் மன்றத்து விஷயத்திலும் கணவரே முன்னால் நிற்கும் பழக்கம் ஒழிய வேண்டும். மன்றக் கூட்டத்தில் உட்காரவும் கையெழுத்துப் போடவும் உரிமை உறுப்பினருக்கு மட்டும்தான். நிற்பது நீங்கள் என்றால் இந்த விதிகளை நீங்களே படியுங்கள் அம்மா.

தகுதியிழப்பு வரக்கூடிய விஷயங்களில் நம் போன்றவர்களுக்கு நடைமுறையில் தட்டுப்படுபவை மூன்று. ஒன்று, பேரூராட்சிக்குக் கட்ட வேண்டிய பாக்கி. சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், தொழில் வரி, பேரூராட்சிக் கடை வாடகை எல்லாவற்றையும் கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். வீடு அப்பா பெயரில் இருந்தாலும் கட்டிவிடுவது நல்லது, பரிசீலனை மேசையில் வாதம் வேண்டாம். "நிலுவை இல்லை" என்று அலுவலகத்தில் எழுத்தில் வாங்கி வைத்தால் இன்னும் நிம்மதி. இரண்டு, பேரூராட்சியோடு ஒப்பந்தம். சாலை, சாக்கடை, குப்பை வண்டி என்று எந்த வேலையை எடுத்துச் செய்துகொண்டிருந்தாலும் சிக்கல்தான். மூன்று, அரசு வேலை அல்லது உள்ளாட்சி வேலை. மதிப்பூதியத்தில், தற்காலிகமாக வேலை செய்பவர்கள் தங்கள் பதவிக்கு இது பொருந்துமா என்று தேர்தல் அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். குற்ற வழக்கில் தண்டனை பெற்றவர்கள் வழக்கறிஞரைப் பார்க்காமல் மனுப் போட வேண்டாம்.

மனுத் தாக்கல்

2022இல் நடந்த வேகத்தைப் பாருங்கள். ஜனவரி 26 அன்று தேர்தலை அறிவித்தார்கள். 28 முதல் மனுத் தாக்கல், பிப்ரவரி 4 கடைசி நாள். 5ஆம் தேதி பரிசீலனை, 7ஆம் தேதி வாபஸ் வாங்கக் கடைசி, 19 ஓட்டுப்பதிவு, 22 எண்ணிக்கை. அறிவிப்புக்கும் மனு முடிவுக்கும் இடையில் பத்து நாள்கூட இல்லை. சாதிச் சான்றிதழ் இல்லாமல் அப்போது தாலுகா அலுவலகத்துக்கு ஓடினால் கிடைக்காது.

முன்கூட்டியே ஒரு கோப்பில் போட்டு வைக்க வேண்டியவை: உங்கள் பெயரும் முன்மொழிபவர் பெயரும் உள்ள வாக்காளர் பட்டியல் பக்கங்களின் நகல், இருவரின் வாக்காளர் அட்டை நகல், சாதிச் சான்றிதழ், வரி ரசீதுகள், புகைப்படங்கள், சொத்து, கடன், வழக்கு விவரக் குறிப்புகள்.

வேட்புமனுவோடு ஓர் உறுதிமொழி ஆவணமும் தர வேண்டும். உங்கள் மேல் உள்ள வழக்குகள், உங்களுக்கும் வாழ்க்கைத் துணைக்கும் சார்ந்திருப்பவர்களுக்கும் உள்ள சொத்து, கடன், உங்கள் கல்வி எல்லாம் அதில் வரும். எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். பொருந்தாத இடத்தில் "இல்லை" என்று எழுதுங்கள், கோடு போட்டும் விடாதீர்கள். மனைவியின் நகை, கூட்டுறவு வங்கியில் அடகு வைத்த நகைக்கடன், மகளிர் குழுக் கடன் என்று மறந்துபோகிற சின்ன விஷயங்களை முதல் நாளே வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். பழைய மறியல் வழக்கு ஒன்று நிலுவையில் கிடந்தாலும் எழுத வேண்டும். மறைத்தால்தான் ஆபத்து.

டெபாசிட் 2022இல் பேரூராட்சி வார்டுக்கு 1,000 ரூபாய், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 500 ரூபாய். பொது வார்டில் நின்றாலும் அந்தச் சலுகை உண்டு, சாதிச் சான்றிதழ் காட்ட வேண்டும். ரசீதை மனுவோடு இணையுங்கள், நகல் ஒன்றைக் கையில் வையுங்கள்.

பெயர், வார்டு எண், பாகம் எண், வரிசை எண் நான்கும் பட்டியலில் அச்சானபடியே மனுவில் இருக்க வேண்டும். பட்டியலில் "சுப்பிரமணியன்" என்றிருந்து நீங்கள் "சுப்ரமணி" என்று எழுதினால் அதற்காகவே தள்ளிவிடுவார்கள் என்றில்லை, சின்ன எழுத்துப் பிழைகளைத் திருத்த இடம் தருவார்கள். ஆனாலும் எதிர்த்தரப்பு ஆட்சேபணை சொல்ல ஒரு வாய்ப்பை நாமே ஏன் தர வேண்டும்? கடைசி நாள் கடைசி மணியில் போகாதீர்கள். இரண்டாம், மூன்றாம் நாளே போனால், ஏதாவது குறை இருந்தாலும் மறுபடி இன்னொரு மனுத் தாக்கல் செய்ய நேரம் இருக்கும்.

முன்மொழிபவர் விஷயத்தை மறுபடியும் சொல்கிறேன். தூத்துக்குடி மாவட்டம் கடம்பூர் பேரூராட்சியில் 2022இல் பரிசீலனையின்போது முன்மொழிந்தவர்களின் கையெழுத்துகள் பற்றியே தகராறு வந்து, மனுக்கள் தள்ளுபடியாகி, விவகாரம் பெரிதாகி, கடைசியில் அந்தப் பேரூராட்சி முழுவதுக்கும் தேர்தலை ஆணையம் ரத்து செய்தது. மாநிலத்தில் மற்ற 489 பேரூராட்சிகளில் தேர்தல் நடந்தபோது அங்கே மட்டும் நடக்கவில்லை. ஒரு சின்னக் கையெழுத்துக்கு அவ்வளவு கனம். ஆகவே முன்மொழிபவர் உங்கள் கண்முன் கையெழுத்துப் போடட்டும். வேறு வேட்பாளர் யாருக்கும் போடாதவராக இருக்கட்டும். மிரட்டினாலும் ஆசை காட்டினாலும் "நான் போடவில்லை" என்று பின்வாங்காத ஆளாக இருக்கட்டும். மனுத் தாக்கலுக்கும் பரிசீலனைக்கும் அவரையும் கூட்டிக்கொண்டே போங்கள்.

கட்சி வேட்பாளர் என்றால் கட்சி தரும் அங்கீகாரப் படிவம் குறித்த நேரத்துக்குள் அலுவலரிடம் சேர வேண்டும், தாமதமானால் சின்னம் கிடைக்காது. சுயேச்சை என்றால் ஆணையம் வெளியிட்ட பட்டியலிலிருந்து விருப்ப வரிசையில் மூன்று சின்னங்களை எழுத வேண்டும். இருவர் ஒன்றையே கேட்டால் குலுக்கல். சின்னம் தேர்வு செய்யும்போது பாட்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். இயந்திரத்தில் சின்னதாக, கறுப்பு வெள்ளையில் இருக்கும்போதும் பார்த்ததும் தெரிய வேண்டும், வாயால் சொன்னாலே புரிய வேண்டும்.

பரிசீலனை நாளன்று நீங்கள் நேரில் இருக்க வேண்டும். மற்றவர்கள் மனுக்களையும் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. உங்கள் மனு மீது ஆட்சேபணை வந்தால் கூச்சல் போட வேண்டாம், ஆவணத்தைக் காட்டிப் பதில் சொல்லுங்கள். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பரிசீலனைக்கும் வாபஸ் நேரத்துக்கும் இடையில் உள்ள நாட்கள்தான் சுயேச்சைகளுக்குச் சோதனை. வீட்டுக்கு ஆள் வரும். சாதிப் பெரியவர்கள் பேசுவார்கள், கோயில் கமிட்டி பேசும், கடன் கொடுத்தவர் பேசுவார். 2022இல் போட்டியில்லாமல் தேர்வான 218 வார்டுகளில் 196 பேரூராட்சி வார்டுகள். ஊர் ஒற்றுமை என்ற பெயரில் அமைதியாக முடிந்தவையும் அவற்றில் இருக்கலாம், ஆனால் போட்டியே இல்லாத வார்டில் மக்கள் யாருக்கும் தீர்ப்புச் சொல்ல வாய்ப்பில்லை. பதவியை ஏலம் விடுவது குற்றம். விலகச் சொல்லி மிரட்டினால் தேர்தல் அலுவலருக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் புகார் கொடுத்து நகலை வைத்துக்கொள்ளுங்கள். வாபஸ் வாங்குவது என்றால் அது உங்கள் சொந்த முடிவாக இருக்கட்டும். ஒருமுறை வாபஸ் வாங்கினால் திரும்ப எடுக்க முடியாது.

பிரச்சாரமும் செலவும்

செலவு வரம்பு 2022இல் பேரூராட்சி வார்டுக்கு 17,000 ரூபாய். வார்டின் அளவுக்கு இது போதும் என்பதுதான் என் கருத்து. வார்டு முழுக்க நான்கைந்து முறை நடந்தே போய்விடலாம். நோட்டீஸ், ஆட்டோவில் மைக், பூத்துக்கு வெளியே மேசை நாற்காலி, கூட வருபவர்களுக்குச் சாப்பாடு, டீ எல்லாமே கணக்கில் வரும். நண்பர் இலவசமாக அடித்துக் கொடுத்த நோட்டீஸுக்கும் மதிப்புப் போட வேண்டும். ஒரு நோட்டு வாங்கி, அன்றன்றைக்கு ராத்திரியே எழுதி, பில்லை ஒட்டிவிடுங்கள். மைக்குக்கும் கூட்டத்துக்கும் அனுமதி வாங்க வேண்டும். கோயில், மசூதி, தேவாலயத்துக்குள் ஓட்டுக் கேட்கக் கூடாது. ஓட்டுப்பதிவு முடியும் நேரத்துக்கு 48 மணி நேரம் முன்பே பிரச்சாரம் முடிந்துவிடும்.

ஓட்டுக்குப் பணம் கொடுப்பது சட்டப்படி குற்றம் என்பது எல்லோருக்கும் தெரியும். சிறிய வார்டில் அதுதான் வேகமாகப் பரவுகிற நோயும். எதிராளி கொடுக்கிறாரே என்று பதறாதீர்கள். தெருவிளக்குக் கம்பம் எத்தனை எரியவில்லை, எந்தச் சந்தில் சாக்கடை நிற்கிறது, எந்தத் தெருக் குழாயில் தண்ணீர் கடைசி வீட்டுக்கு வரவில்லை என்று பட்டியலோடு நடந்தபோதே குறித்திருப்பீர்கள். அதைத் தெருவாரியாகச் சொல்லிக் கேளுங்கள். தன் வீட்டு வாசல் பிரச்சினையை விவரமாகச் சொல்கிற வேட்பாளரை மக்கள் கவனிக்கிறார்கள்.

ஓட்டுப்பதிவு நாள்

வாக்குச்சாவடிக்குள் உங்கள் சார்பில் உட்காரும் பூத் ஏஜென்ட் பட்டியலை நன்றாகத் தெரிந்தவராக, வார்டு முகங்களை அடையாளம் காண்பவராக இருக்க வேண்டும். விசுவாசம் மட்டும் போதாது. காலையில் ஓட்டுப்பதிவுக்கு முன் மாதிரி வாக்குப்பதிவு நடக்கும். ஏஜென்ட் அதற்குச் சரியான நேரத்தில் உள்ளே இருக்க வேண்டும். ஒவ்வொரு பொத்தானையும் அழுத்தி, எண்ணிக் காட்டி, அந்த ஓட்டுகளை அழித்துப் பூஜ்யம் வருவதைப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். 2022இல் உள்ளாட்சி இயந்திரங்களில் ஓட்டைத் தாளில் காட்டும் விவிபாட் கருவி இணைக்கப்படவில்லை, நோட்டா பொத்தானும் இல்லை. அதனால் இந்தக் காலை நேரச் சரிபார்ப்பு இன்னும் முக்கியமாகிறது.

மாலையில் ஓட்டுப்பதிவு முடிந்ததும் இயந்திரத்தில் வாக்குப்பதிவை மூடும் (Close) பொத்தானை அழுத்துவார்கள். மொத்தம் எத்தனை ஓட்டு என்று திரையில் வரும். பதிவான வாக்குக் கணக்கின் நகலை ஏஜென்ட் கேட்டு வாங்க வேண்டும், இயந்திர எண்ணையும் முத்திரை எண்களையும் அதில் பார்க்க வேண்டும். எண்ணும் நாளில் இதே எண்கள் ஒத்துப்போகிறதா என்று பார்க்க இந்த ஒரு தாள்தான் உங்களிடம் இருக்கும் சாட்சி.

வாக்காளர்களுக்கு ஒரு வார்த்தை. பூத் சிலிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், புகைப்பட அடையாள அட்டை ஒன்று வேண்டும். உங்கள் ஓட்டை யாரோ போட்டுவிட்டார்கள் என்றால் அழுதுகொண்டு திரும்பாதீர்கள். வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் சொல்லி டெண்டர் ஓட்டு கேளுங்கள், சீட்டில் வாக்களிக்க வைப்பார்கள்.

தலைவர் தேர்தல்: இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்

பேரூராட்சித் தலைவரை யார் தேர்ந்தெடுப்பது என்பது அடிக்கடி மாறியிருக்கிறது. 2001இலும் 2011இலும் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டார்கள். 2006இல் உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 2019இல் மறுபடி மறைமுகத் தேர்தல் என்று மாற்றி, 2022இல் அப்படியே நடந்தது. மார்ச் 2 அன்று உறுப்பினர்கள் பதவியேற்றார்கள், 4ஆம் தேதி காலையில் தலைவர், மதியம் துணைத் தலைவர்.

இந்த மறைமுகத் தேர்தலுக்கும் தனி மனு, முன்மொழிதல், ரகசிய வாக்கெடுப்பு எல்லாம் உண்டு. போதுமான உறுப்பினர்கள் வராவிட்டால் கூட்டம் தள்ளிப்போகும். சமமானால் குலுக்கல். தலைவர் பதவியும் ஒதுக்கீட்டில் வரும். உங்கள் பேரூராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தால் வென்ற பெண் உறுப்பினர்களில் ஒருவர்தான் தலைவராக முடியும். இதை மனுப் போடும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

15 பேர் மன்றத்தில் எட்டுப் பேர் சேர்ந்தால் தலைவர். அதனால்தான் முடிவு வந்த ராத்திரியிலிருந்து சுயேச்சைகளுக்கு மரியாதை கூடிவிடுகிறது, வெளியூர் விடுதிகளில் உறுப்பினர்களைத் தங்கவைக்கிற கூத்தெல்லாம் நடக்கிறது. 2022 மார்ச் 4 அன்று கூட்டணிக் கட்சிக்கு ஒதுக்கிய தலைவர் பதவிகளில் அன்றைய ஆளுங்கட்சியான திமுகவினரே போட்டியிட்டு வென்ற இடங்கள் பல. அவர்களைப் பதவி விலகும்படி முதலமைச்சரே அன்றைக்குச் சொல்ல வேண்டி வந்தது. எனவே வாக்காளர் தன் வார்டு வேட்பாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "ஜெயித்தால் தலைவராக யாரை ஆதரிப்பீர்கள்?" என்பதே. நிற்பவர் அதற்கு நேர்மையான பதிலோடு தெருவில் இறங்க வேண்டும். தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லுங்கள், எப்படி முடிவு செய்வேன் என்றாவது சொல்லுங்கள். அந்த ஒரு ஓட்டு உங்களுடையது அல்ல, வார்டு உங்களிடம் கொடுத்து வைத்தது.

2025இல் நடந்த சட்டத் திருத்தத்தால் மாற்றுத்திறனாளி ஒருவரை மன்றத்துக்கு நியமிக்கும் முறையும் வந்திருக்கிறது. அது விண்ணப்பம் வாங்கிச் செய்யும் நியமனம், வார்டுத் தேர்தலோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் வழக்கம்போல எந்த வார்டிலும் போட்டியிடவும் செய்யலாம்.

சம்பளம் பற்றியும் கேட்கிறார்கள். 2023இல் அரசு அறிவித்தபடி பேரூராட்சி உறுப்பினருக்கு மாத மதிப்பூதியம் 2,500 ரூபாய், தலைவருக்கு 10,000 ரூபாய். போட்ட பணத்தை இதில் எடுக்க முடியாது. ஆகவே பணம் கொட்டி ஜெயித்தவர் அதை எங்கே எடுப்பார் என்று வாக்காளர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

முடிவு வந்த பிறகு

எண்ணிக்கையில் சந்தேகம் இருந்தால் முடிவை அறிவிப்பதற்கு முன்பே மறு எண்ணிக்கை கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். அறிவித்துவிட்டால் அப்புறம் வழி தேர்தல் மனு ஒன்றுதான். தேர்தல் நடந்துகொண்டிருக்கும்போது நீதிமன்றங்கள் தலையிட அரசியல் சட்டமே தடை போட்டிருக்கிறது. முடிந்த பிறகு, கெடு நாட்களுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். பரிசீலனையில் எழுத்தில் வாங்கிய காரணம், புகார் நகல்கள், வாக்குக் கணக்குத் தாள் எல்லாம் அப்போதுதான் பயன்படும். அவற்றை உடனே ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

செலவுக் கணக்கை முடிவு அறிவித்த 30 நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டும். ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் இது ஒன்றுதான். பல சுயேச்சைகள் தோற்ற வருத்தத்தில் இதை விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டால் மூன்று ஆண்டுகளுக்கு எந்த உள்ளாட்சித் தேர்தலிலும் நிற்கத் தடை வரலாம், நடுவில் இடைத்தேர்தல் வந்தாலும் நிற்க முடியாது. நோட்டு, பில்கள், உறுதிமொழிப் படிவம் மூன்றையும் அலுவலகத்தில் கொடுத்து, தேதி முத்திரையோடு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். டெபாசிட் திரும்பக் கிடைக்கும் அளவுக்கு ஓட்டு வாங்கியிருந்தால் அதற்கான விண்ணப்பத்தையும் அன்றே கொடுத்துவிடலாம்.